பெட்டி ஆடாமல் இருக்க

அந்த பிக்கப் வண்டி முதன்முதலில் எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது அதன் பின்பக்கத் தளம் துருவேறி ஓட்டையாகிக் கிடந்தது. செங்கல் ஏற்றுகிற வண்டியா, கோழி ஏற்றுகிற வண்டியா, தண்ணீர் கேன் வண்டியா என்று தளத்தைப் பார்த்தே சொல்கிற அளவுக்கு எனக்கு அப்போது பழக்கம் வந்திருந்தது. இந்தத் துருவைத்தான் எதிலும் சேர்க்க முடியவில்லை. ஓரங்களெல்லாம் நன்றாக இருந்தன. நடுவில் மட்டும் நீளவாக்கில், ஆள் படுத்த அளவுக்கு அரித்திருந்தது.

"என்ன ஏத்துவீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"பொட்டி" என்றார் வண்டிக்காரர். "ஐஸ் பொட்டி. சாவு வூட்டுக்கு வாடகைக்கு வுடறேன்."

பிள்ளைப்பாக்கத்துக்காரர். குடும்ப நிலம் விற்றபோது அண்ணன் தம்பிகள் மாடி வீடு கட்டினார்கள், கார் வாங்கினார்கள். இவர் இந்த வண்டியும், கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி இரண்டும், சாமியானாவும் நாற்காலிகளும் வாங்கினார். "சொந்தக்காரனுக்கு மின்னாடி நான் போய் நிப்பேன். என்னைப் பாத்தாதான் ஜனம் அழவே ஆரம்பிக்கும்" என்று ஒருமுறை சொன்னார். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீரும் மாலைகளின் ஈரமும் சேர்ந்து இரும்புத் தளத்தைத் தின்றுவிட்டன. துருப்பிடிக்காத ஃபைபர் தளம் வேண்டும் என்று வந்திருந்தார்.

எங்கள் ஷெட் மண்ணூரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருந்தது. அதற்கு முன் ஒரகடத்தில் பஸ்ஸின் முன்முகப்பு செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போக மனமில்லாமல் இங்கே சேர்ந்தேன். ஷெட்டில் முதலாளியையும் சேர்த்து நாங்கள் நான்கைந்து பேர்தான். என்னோடு அதிகமாக வேலை செய்தவர் மண்ணூர் அக்கா ஒருவர். கண்ணாடி நார்ப் பாயை அச்சில் விரித்து, ரெசின் என்கிற பசையைத் தடவி, காற்றுக் குமிழ் இல்லாமல் உருளையால் அழுத்துவது அவர் வேலை. காய்ந்ததை அறுப்பதும் துளைபோடுவதும் வண்டியில் பொருத்துவதும் என் வேலை. ஃபைபர் தூள் கையில் ஏறினால் சொறிந்து மாளாது. அக்கா வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில்தான் கை கழுவுவார். வெந்நீர் பட்டால் தூள் இன்னும் உள்ளே போகும் என்பார்.

தளம் போட்டுக் கொடுத்து அனுப்பினோம். கொஞ்ச நாளில் வண்டிக்காரர் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. தேநீர் வேண்டாம் என்றார்.

"தம்பி, பொட்டி தட்டுது."

"எங்கண்ணே இடிக்குது?"

"இடிக்கலப்பா. தட்டுது. உள்ள ஆள் கீற மாரி. காலிப் பொட்டிதான். ஆனா பிரேக் போட்டா ரெண்டு தட்டு. மேடு ஏறனா ஒரு தட்டு. நிறுத்திட்டு எறங்கிப் பாத்தா சும்மா கீது."

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. பழைய தளத்தில் துருவே பெட்டியைப் பிடித்து வைத்திருந்தது. புதுத் தளம் வழுவழுப்பு. ஓரக் கொக்கிகளில் கட்டிய கயிறு ஓட்டத்தில் தளர்ந்துபோக, பெட்டி முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கிறது. ஃபைபர் தளத்துக்கு அடியில் வெற்றிடம் இருப்பதால் சின்ன இடிகூட மேளத்தில் தட்டியதுபோல் கேட்கும். இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. நீ ஒரு தபா வண்டில குந்திக் கேளு. அப்பறம் சொல்லு" என்றார்.

போய்க் கேட்டேன். வல்லம் பக்கம் போகும் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கியதும் முதுகுக்குப் பின்னால் இரண்டு தட்டு. கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து மறுபடி தட்டுவார்களே, அந்த இடைவெளி. காரணம் தெரிந்திருந்தும் நான் திரும்பிப் பார்த்தேன்.

தளத்திலேயே மடங்கும் இரும்பு வளையங்கள் பதித்து, பெட்டியின் கால்களை நான்கு மூலையிலும் பெல்ட்டால் இழுத்துக் கட்டுவது என்று முடிவு செய்தோம். இரும்பில் இது அரைமணி வேலை. ஃபைபரில் அப்படி இல்லை. ஃபைபர் திருகைப் பிடித்துக்கொள்ளாது. வெறும் போல்ட் போட்டு இழுத்தால் துணி கிழிவதுபோல் கிழிந்துகொண்டு வரும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு கொடுத்து, இழுப்பை அந்தத் தகடு முழுவதும் பரப்ப வேண்டும். அதிகமாக முறுக்கினாலும் ஃபைபர் நசுங்கிவிடும் என்பதால் துளைக்குள் சின்ன இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருக வேண்டும். போல்டின் இறுக்கத்தை அந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும்.

வண்டிக்காரரும் நானும் பெட்டியைத் தளத்தில் ஏற்றி, அவர் வழக்கமாக வைக்கிற வாக்கில் வைத்தோம். தலைப்பக்கம் கேபின் பக்கமாக.

"ஏண்ணே அந்தப் பக்கம் தலை?"

"முன்னாடி பாத்துனு போவட்டும்னு" என்றார். பிறகு தானே சங்கடப்பட்டு, "பிளக்கு அந்தப் பக்கம் கீது, அதான்" என்றார்.

சாக்பீஸால் நான்கு மூலையிலும் குறி போட்டுவிட்டுப் பெட்டியை இறக்கி வைத்தோம். குறியின் மேல் காகித டேப் ஒட்டினேன், மேல்பூச்சு உதிராமல் இருக்க. முதலில் மெல்லிய துளை, பிறகு பெரியது. டிரில்லை அழுத்தாமல் அதன் போக்கில் விட வேண்டும். அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து அக்கா பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் டிரில் வெளியேறும் இடத்தில் நார் பிய்ந்து பூவாகிவிடும். துளையின் உள்சுவரில் அக்கா பிரஷ்ஷால் ரெசின் தடவினார். அறுபட்ட நார் வழியாகத் தண்ணீர் ஏறினால் தளம் உள்ளுக்குள்ளேயே ஊறிப்போகும். தகடு உட்காருகிற இடங்களில் அடிப்பக்கம் இன்னும் சில அடுக்கு நார்ப்பாய் ஒட்டினார். அது காய்கிற வரை காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் பெட்டியைச் சரியாகப் பார்த்தேன். ஷெட் மூலையில், பஸ் முன்முகப்பின் பழைய அச்சுகளுக்கு நடுவே அது நின்றது. கண்ணாடியில் தகரக் கூரையின் ஓட்டை வெளிச்சம் விழுந்திருந்தது. உள்ளே விளிம்பில் காய்ந்த ரோஜா இதழ் ஒன்று.

"ஒவ்வொரு தபாவும் கழுவுவேன்" என்றார் வண்டிக்காரர், நான் பார்ப்பதைப் பார்த்து. "எப்டியோ ஒண்ணு தங்கிடுது."

மறுநாள் நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். மேலே அக்கா வளையத்தைப் பிடித்துக்கொள்ள, கீழிருந்து தகடும் வாஷரும் லாக் நட்டும் போட்டு முறுக்கினேன். நான்கும் முடிந்ததும் அக்கா ஒவ்வொரு வளையத்தையும் காலால் மிதித்துப் பார்த்தார். எடை வைத்து ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுக்க முடியாது. எதை வைப்பது? ரெசினோடு கலக்கிற சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் இருந்தன. அவற்றைப் பெட்டிக்குள் வரிசையாக வைத்தோம். வண்டிக்காரர் மூடியை மூடுவதற்கு முன், கை பழக்கத்தில், மூட்டைகள் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து ஓரங்களை நேராக்கினார். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. துணியை எடுக்கவில்லை.

நான் பின்னால், பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரகடம் கூட்டுரோடு வரை போய்த் திரும்பினோம். வளையங்கள் அசையவில்லை. பெட்டி தட்டவில்லை. ஆனால் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஸ்கூட்டியில் வந்த பெண் ஓரம் கட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். செத்தவனின் சொந்தக்காரன் என்று நினைத்திருப்பார். வேறு வழி தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

"உள்ள மூட்டைன்னு எறங்கியா சொல்ல முடியும்?" என்றார் வண்டிக்காரர், ஷெட்டுக்கு வந்ததும். சிரிக்கத்தான் நினைத்தோம். அக்கா மட்டும் மூட்டைகளை இறக்குவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில், நான் ஷெட்டைத் திறந்துகொண்டிருக்கும்போதே அந்த வண்டி வந்து நின்றது. இந்தமுறை பெட்டியில் மூட்டை இல்லை.

"தம்பி, உங்க ஷெட்ல பிளக் பாயிண்ட் குடு. வேற எடம் இல்ல" என்றார் வண்டிக்காரர்.

என் வயதுப் பையன். தெற்கே சாத்தூர்ப் பக்கம். ஏதோ உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காய்ச்சல் என்று படுத்தவன் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போயிருக்கிறான். முற்றிப்போய் ஒரு சின்ன நர்சிங்ஹோமில் சேர்த்த இரவே முடிந்துவிட்டது. அங்கே பிணவறை கிடையாது, விடிந்ததும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லி, தகப்பனாருக்கும் போன் செய்திருக்கிறார். அவர் கிளம்பி வந்துகொண்டிருந்தார். ஆனால் பையன் தங்கியிருந்த அறையின் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்துவிட்டார். உள்ளே வைத்தால் நாளைக்கு யாரும் வாடகைக்கு வரமாட்டார்கள் என்றாராம். அறையில் உடன் இருந்த ஒடிசாப் பையன்கள் நர்சிங்ஹோமிலிருந்து நேராகக் காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "கிரைண்டர் போடாதீங்க, தூள் பறக்கும்" என்று மட்டும் சொன்னார்.

வண்டியை உள்ளே ஏற்றினோம். பெட்டியைக் கீழே இறக்கவில்லை. கட்டியது கட்டியபடியே தளத்தில் இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. அந்த அதிர்வு தளம் முழுக்கப் பரவி ஷெட்டே மெல்ல முனகுவதுபோல் கேட்டது. நான் பதித்த வளையங்கள் நான்கும் பெல்ட்டை இறுகப் பிடித்திருந்தன. மூட்டைக்கென்று சோதித்துப் பார்த்த இறுக்கம். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க வேலை தேடினேன், கிடைக்கவில்லை.

பகல் மின்வெட்டு அன்றாடம் இருந்த காலம் அது. பத்து மணிக்குக் கரண்ட் போனது. முனகல் நின்றது. அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல. ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்துவிட்டேன். அக்கா மெழுகுவர்த்தி ஒன்று ஏற்றி ரெசின் டின் மேல் வைக்கப் போனார். தீப்பிடிக்கும் என்று உணர்ந்து வெளியே வாசல் கல்லில் வைத்தார்.

"யார் பெத்த புள்ளையோ" என்றார். "பேர் கூட தெரியல. இன்னான்னு ஜெபம் பண்றது?"

தகப்பனார் மதியத்துக்கு மேல் வந்தார். சூப்பர்வைசர் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தெற்கே போக ஆம்புலன்ஸ் பேசப் போய்விட்டார். ஒல்லியான மனிதர். தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், வேலை. கையில் பிளாஸ்டிக் பையில் புது வேட்டி. யாரும் கை கொடுக்காமலே டயரில் கால் வைத்துத் தளத்தில் ஏறினார். கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். அழவில்லை. பிறகு குனிந்து ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஆடாதா தம்பி?"

"ஆடாதுங்கய்யா."

"வார வழியெல்லாம் அதே நெனப்பு. வண்டியில போட்டு உருட்டியிருப்பாகளோன்னு" என்றார். அப்புறம் என் பேச்சைக் கவனித்தவராக, "தம்பி நம்ம பக்கமா?" என்றார்.

"அருப்புக்கோட்டைப் பக்கங்கய்யா."

அவர் முகம் ஒரு கணம் தெளிந்தது. "எம்மவனத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாதுங்கய்யா. பாத்ததில்ல."

தலையாட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் தளத்திலேயே உட்கார்ந்தார். வண்டிக்காரர் வாங்கிவந்த தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"போன்ல ஒண்ணும் சொல்ல மாட்டான் தம்பி. நல்லாருக்கேன், சாப்ட்டேன், வச்சிரவா? அம்புட்டுதான். நீங்க எப்படி இருக்கீக இங்க? அதச் சொல்லுங்க. ஒரே வயசுதான. ஒரே மாதிரிதான இருந்திருப்பான்."

நானும் ஏறி எதிரில் உட்கார்ந்தேன். மெதுவாக ஆரம்பித்தேன். அறையில் ஆறு பேர், பாய் மூன்று. ஒருத்தன் ஷிஃப்டுக்குப் போனால் இன்னொருத்தன் வந்து அதே பாயில் படுப்பான், சூடு ஆறியிருக்காது. காலையில் தள்ளுவண்டி இட்லி. அந்த அம்மா கெட்டிச் சட்னி கேட்டால் திட்டிக்கொண்டே கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கரண்ட் அடுப்பில் தக்காளி சோறு. சாயங்காலம் பஸ் ஏறிக் குன்றத்தூர் மலைக்குப் போவோம். கோயிலுக்கென்று இல்லை. படியில் உட்கார்ந்தால் மீனம்பாக்கத்தில் இறங்குகிற பிளேன் தாழப் போவது தெரியும்.

"பிளேனா?"

"ஆமாங்கய்யா. சக்கரம் வெளிய நீட்டுறதுகூடத் தெரியும்."

அவர் பெட்டியைப் பார்த்தார். "பிளேனு பாத்திருக்கான்" என்றார், அவனிடமே சொல்வதுபோல. பிறகு என்னிடம், "சட்னி திட்டிட்டுத்தான் குடுக்குமா அந்தம்மா? இவன் ஒண்ணும் சொல்ல மாட்டானா?"

"சிரிப்போம்யா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் அவனைப் பற்றித்தான். குளிருக்குப் போர்வை வைத்திருந்தானா. சம்பளத்தன்று என்ன சாப்பிடுவான். ஊர் நினைப்பு வந்தால் என்ன செய்வான். நான் "நாங்க" என்று சொல்லித்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவனைத் தெரியாது என்பதை அவர் மறக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தெரிந்தே கேட்டார். அக்கா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் சத்தத்தில் சில வார்த்தைகளை நான் இரண்டுமுறை சொல்ல வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு மேல் ஆம்புலன்ஸ் வந்தது. பெட்டியை இறக்க வண்டிக்காரர்தான் பெல்ட்டை அவிழ்த்தார். பெட்டியிலிருந்து அவனைத் தூக்கும்போது கால்பக்கம் நான் பிடித்தேன். நான் நினைத்ததைவிட எடை குறைவு. புது வேட்டியைப் போர்த்திய பின் தகப்பனார் என் போன் நம்பரைக் கேட்டு, தன் போனை ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்து அதில் ஏற்றச் சொன்னார்.

வண்டிக்காரர் அந்த மாதக் கடைசியில் ஒருநாள் வந்தார். வளையம் எல்லாம் கெட்டியாக இருக்கிறது என்றார். "ஆனா இப்ப பின்னாடி ஒரு சத்தமும் இல்லப்பா. அதனால அடிக்கடி நிறுத்திட்டு எறங்கிப் பாக்கறேன்." கழற்றிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

எனக்கு வேறு மாதிரி இருந்தது. அறைக்கு வந்து பாயில் படுப்பேன். அடியில் சூடு இருக்கும். அன்றைக்கு எந்த ஷிஃப்ட், யார் படுத்துப் போனார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சில நாள் கணக்கு வராது. தள்ளுவண்டி அம்மா திட்டும்போது எனக்கு முன்னால் யாரோ சிரிப்பதுபோல் இருக்கும். அவன் முகத்தைக் கண்ணாடி வழியாக, பனி மூடிய அரைமுகமாகத்தான் பார்த்திருந்தேன். அதனால் அந்தச் சிரிப்புக்கு முகம் கிடையாது. குன்றத்தூர் படியில் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து உட்காருவேன். கூட வந்த அறை நண்பன் ஒருநாள், "யாருக்குலே எடம் போடுற?" என்று கேட்டான். எறும்பு ஊருது என்றேன்.

தகப்பனார் எப்போதாவது போன் செய்வார். சாப்பிட்டீகளா, மழையா அங்க, என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அவர் மகன் பேசியதாகச் சொன்ன அதே அளவுதான் நானும் பேசினேன் என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வரச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டதால், சாத்தூரில் இறங்கி அவர்கள் ஊருக்குப் போனேன். மூன்று பேர் கொள்கிற அளவுக்கு ஒரு வீடு. சுவரில் மாலை போட்ட படம். அப்போதுதான் அவனை முழுமுகமாகப் பார்த்தேன். என் ஜாடையே இல்லை. நெற்றி அகலம், மேல்பல் லேசாகத் தூக்கல். ஏனோ எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவன் அம்மா சாப்பாடு போட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"அங்க ஞாயித்துக்கெழமை அவனே தக்காளி சோறு ஆக்குவானாம் தம்பி. இங்க ஒரு தம்ளரக் கழுவ மாட்டான். கெட்டிச் சட்னிதான் வேணும்னு அந்த இட்லிக்காரம்மாட்ட வம்பு பண்ணுவானாம். அவுக திட்டுவாகளாம், இவன் சிரிப்பானாம். சாயங்காலம் மலையில ஏறி பிளேனு பாப்பானாம். இந்தத் தெருவுல யாரு பிளேன அம்புட்டுக் கிட்டத்துல பாத்திருக்கா?"

தகப்பனார் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா சொல்லச் சொல்ல, நான் சொல்லாததும் வந்தது. மழையில் நனைந்த போர்வையை ஃபேனில் காயப் போட்டது, பிளேனை எண்ணிப் பந்தயம் கட்டியது. எதுவும் பொய்யாகக் கேட்கவில்லை. ஒருவேளை நடந்துமிருக்கலாம். ஒரு கட்டத்தில் எது என் ஞாயிற்றுக்கிழமை, எது அவனுடையது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தேன். அவன் அந்தத் தூக்கல் பல்லோடு தள்ளுவண்டியருகே நிற்பதை இப்போது என்னால் நன்றாகப் பார்க்க முடிந்தது.

இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "நானே பேசிக்கிட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க தம்பி. நீங்க அங்க எப்படி இருக்கீக?"

வாயில் சோறு இருந்தது. மென்று விழுங்குகிற வரை நேரம் கிடைத்தது.

"நல்லாருக்கேம்மா" என்றேன். "சாப்புடுறேன். ஒரு கொறையும் இல்ல."

"அவனும் இப்படித்தான்" என்றார் அவர், தகப்பனாரைப் பார்த்து. தகப்பனார் செருப்பைப் போட்டுக்கொண்டு, அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, என் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.